கொல்லைப்புறத்துக் கங்கை

1

"கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று ஊரிலிருந்து நாலு பேர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். என் பதில் கப்பலேறி உங்கள் கைக்கு வருவதற்குள் பொங்கலே வந்துவிடும். அதற்காகக் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? ஆச்சு. இந்த வருஷம் எனக்கு ஆன மாதிரி யாருக்கும் ஆகியிருக்காது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

முதலில் இடத்தைச் சொல்கிறேன். சைகோனில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக் கொல்லையில் ஒரு குளம் இருக்கிறது. சிரிக்க வேண்டாம். நீளச் சதுரமாகத் தோண்டி, சிமெண்டு பூசி, உள்ளே நீல ஓடு பதித்த குளம். பிரெஞ்சில் பிசீன் என்று பேர். படித்துறை கிடையாது, இரும்பு ஏணியைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். ஒரு கோடியில் இடுப்பளவு தண்ணீர், மறு கோடியில் இரண்டு ஆள் ஆழம். நம் குளங்களில் கரையோரம் ஆழம் இருக்காது, நடுவில்தான் ஆழம். இது ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. ஏன் என்று கேட்டேன். குதிப்பதற்கு என்றார்கள். குதித்து எங்கே போவது என்று கேட்டேன். எங்கேயும் போவதில்லையாம். கரையேறி வந்து மறுபடியும் குதிப்பதாம்.

இதைக் கட்டியவர் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை. ரப்பர் விலை விழுந்ததும் வீட்டை அப்படியே போட்டுவிட்டுப் பிரான்சுக்குக் கப்பலேறிவிட்டார். சர்க்கார் வீட்டை எடுத்துக்கொண்டு உத்தியோகஸ்தர்களுக்கு முறை வைத்துக் கொடுத்தது. என் வீட்டுக்காரர் கஜானாவில் தலைமைக் குமாஸ்தா. மூன்று வருஷத்துக்கு முன் முறை அவருக்கு வந்தது. அடுத்த தெருவில் இருக்கும் மதாம்களுக்கு, அதாவது துரைசானிகளுக்கு, அது பிடிக்கவில்லை, ஆனால் முறை முறைதானே.

குளத்தங்கரையில் இன்னொரு விநோதம் உண்டு. ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு குழாய், அதன் வாயில் பூவாளி. செடிக்கு ஊற்றுகிற பூவாளி இவ்வளவு உயரத்தில் எதற்கு என்று எனக்கு விளங்கவே இல்லை. துரை நெட்டையாக இருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு, அதில் கொடிக்கயிறு கட்டித் துணி உலர்த்தினேன்.

நிரப்புவதற்குத் தண்ணீர் வாங்கிய கதை வேறு. நகரசபைத் தண்ணீர் வேண்டுமென்றால் முத்திரைத் தாளில் மனு எழுத வேண்டும். என்ன காரியத்துக்கு என்று ஒரு கட்டம். குடிக்க, தோட்டத்துக்கு, மாட்டுக்கு, இவ்வளவுதான் அச்சடித்திருந்தது. இங்கே நம்மவர்கள் பாதிப்பேர் மாடு வைத்துப் பால் விற்கிறவர்கள். இவர் பெயரையும் நிறத்தையும் பார்த்த அந்த அதிகாரி, கேட்காமலேயே மாட்டுக்கு என்று கோடு போட்டுவிட்டார். ஒரு வாரம் கழித்து ஒரு ஆள் சைக்கிளில் வந்து, கொட்டகை எங்கே, பசு எங்கே என்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில் குளத்தைக் காட்டினேன். அவன் அதையும் எட்டிப் பார்த்தான், உள்ளே மாடு இருக்குமோ என்று.

2

இங்கே பனிக்காலம் கிடையாது. மழை, அது நின்றால் வெயில், இரண்டே காலம். ஆறு மாதம் பிற்பகல்தோறும் கொட்டும். அப்போது குளத்தை யாரும் தொடமாட்டார்கள். தவளை குடியேறும். தண்ணீர் கீரைக் கடைசல் நிறத்துக்கு வந்துவிடும். ஐப்பசியில் மழை ஓயத் தொடங்கியதும் குளத்தைத் திறக்க வேண்டும். திறப்பது என்பது துரைமார் பேச்சு. பூட்டியா கிடந்தது என்று நான் இவரைக் கேட்பதுண்டு.

திறக்கிற வேலை மூன்று வருஷமாக என்னுடையது. கூடத் தோட்டக்காரர், பா என்று பேர். இந்த ஊர் அன்னாம்காரர், என்னைவிட மூத்தவர், வெற்றிலைக் காவிப் பல். என் மகள் அவரை ஓங் பா என்று கூப்பிடுவாள், பா தாத்தா என்று அர்த்தம். அடைப்பைப் பிடுங்கிப் பச்சைத் தண்ணீரைச் சாக்கடைக்கு விடுவோம். தவளைகளை அவர் கூடையில் அள்ளி வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார், அன்றைக்கு அவர் வீட்டில் விருந்து. பிறகு இருவரும் உள்ளே இறங்கித் தேங்காய் நாரும் சுண்ணாம்பும் வைத்து ஓடு ஓடாகத் தேய்ப்போம். பெயர்ந்த ஓட்டுக்குச் சிமெண்டு வைப்போம். குழாயைத் திறந்துவிட்டால் நிரம்ப மூன்று நாள். கடைசியில் படிகாரத்தைத் துணியில் முடிந்து தண்ணீருக்குள் இழுத்தால், அடியில் கிடக்கும் ஓட்டின் கீறல்கூடத் தெரியும்.

இவ்வளவும் செய்கிறவள் ஒரு நாளும் அதில் நனைந்ததில்லை. இத்தனைக்கும் காரைக்காலில் வயதுக்கு வருகிறவரை நான் தண்ணீரிலேயே கிடந்தவள். எங்கள் தெருக் குளத்தில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மூச்சு விடாமல் போவேன். இரண்டு பேர் ஒரு தாவணியின் இரு முனையைப் பிடித்துக்கொண்டு நீந்திக் கெண்டைக்குஞ்சு அரிப்போம். அதற்குப் பிறகு கிணற்றடி, கல்யாணம், சைகோன்.

என்னை யாரும் தடுக்கவில்லை, அதுதான் வேடிக்கை. வந்த புதிதில் இவரிடம், "நானும் ஒரு நாள் எறங்கிப் பாக்கட்டுமா?" என்றேன்.

"நீயா?" என்று சிரித்தார்.

கெட்ட சிரிப்பல்ல. பூனை பாட்டுப் பாடுகிறேன் என்றால் சிரிப்போமே, அந்த மாதிரி. அதோடு நான் கேட்பதை விட்டுவிட்டேன். ஆசை போகவில்லை. குளம் நிரம்பிய முதல் நாள் கையை விட்டு அளைந்துவிட்டு, அடுப்படிக்குப் போய்விடுவேன்.

3

எங்களுக்கு ஒரே மகள், கமலா. பதினாலு வயது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் கமீய். தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வரும். கோபம் வந்தால் மட்டும் தமிழ், அதனால் நான் அடிக்கடி கோபப்படுத்துவேன்.

எனக்கு ஒரே ஒரு குறை அவளிடம். ஊரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. நானோ கண்டதையும் கேட்டுத் துளைக்கிறவள். மார்க்கெட்டில் அன்னாம்காரி விற்கிற ஒவ்வொரு இலையையும் என்ன, எதற்கு, எப்படிச் சமைப்பது என்று கேட்டு, பாதி புரிந்து, வாங்கிவந்து, கெடுத்து, மறுபடி போய்க் கேட்பேன். என் வயிற்றில் பிறந்தது இப்படி இருக்கிறது. நீச்சலைக்கூட இந்தக் குளத்தில் தானே தத்தளித்துக் கற்றுக்கொண்டாள். கரையில் நின்று, "காலை மடக்காம ஒதைடி" என்றேன். "உனக்கென்னம்மா தெரியும்?" என்றாள். சரிதான், எனக்கென்ன தெரியும் என்று துணி உலர்த்தப் போனேன்.

அவள் வகுப்புப் பிரெஞ்சுப் பெண்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதும் வருவதுமாக இருப்பார்கள். இவளை யாரும் கூப்பிட்டதில்லை. போன வருஷம் ஒரே ஒரு முறை யாரோ ஒருத்தியின் பிறந்தநாளுக்குப் போய்வந்தாள். இந்த வருஷம் குளம் திறக்கும் நாளுக்கு மூன்று பெண்களை இவளே கூப்பிட்டாள். வருகிறோம் என்றுவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு வியாழக்கிழமை விடுமுறை, அன்றுதான் நமக்குத் தீபாவளி.

முந்தின வாரம் அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"அம்மா, வியாழக்கிழமை நீ வெளிய வராத."

"ஏன், எனக்குக் கொம்பு மொளச்சிருக்கா?"

"அதில்லம்மா. நீ சேலைய இழுத்துச் செருகிக்கிட்டு, தலையில எண்ணெய் வழிய வந்து நிப்ப. யாரு யாருன்னு கேள்வி வேற கேப்ப. சில்வுப்ளே அம்மா, கெஞ்சிக் கேக்குறேன், அன்னைக்கு ஒரு நாள் மட்டும்."

"பலகாரம்?"

"பிஸ்கோத்து போதும். அதிரசம் வேணாம், கையெல்லாம் எண்ணெயாவும்."

எனக்குச் சுருக்கென்றது. நாலு வார்த்தை திருப்பிக் கொடுக்கத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். திமிர் இல்லை, பயம். அந்த மூன்று பெண்களும் வந்து, இருந்து, ஏளனம் பண்ணாமல் திரும்பிப் போக வேண்டும். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை.

"சரி, வரல" என்றேன்.

4

தீபாவளி சர்க்கார் விடுமுறைப் பட்டியலில் கிடையாது. இவர் எழுதிக் கேட்டதற்கு, மதச்சடங்கு என்ற வகையில் ஒன்பது மணி வரை வராமல் இருக்கலாம் என்று பெரிய துரை கையெழுத்துப் போட்டார். இவரிடம் வேலை பார்க்கும் புதுச்சேரிப் பையன்கள் மூன்று பேர், கல்யாணமாகாதவர்கள். வருஷா வருஷம் நம் வீட்டில்தான் அவர்களுக்கு எண்ணெய்க் குளியல். மசூதித் தெருவில் நாகூர்க்காரர் கடை நல்லெண்ணெய், அங்கேயே வாங்கிய சீயக்காய். அரைத்து வைத்திருந்தேன்.

விடிந்தும் விடியாமல் நாலு ஆண்களும் தலை முதல் கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு மணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். வெந்நீர் வந்தபாடில்லை. கடைசி மழையில் விறகு நனைந்துபோய், வெறும் புகை. ஊதி ஊதி எனக்குக் கண் போனது.

"அக்கா, மணியாவுது" என்றான் ஒருவன்.

"நீ வந்து ஊது தம்பி" என்றேன்.

சற்று நேரத்தில் கொல்லையில் தொப்பென்று சத்தம். போன தவளைகள் திரும்ப வந்துவிட்டனவோ என்றுதான் முதலில் நினைத்தேன். எட்டிப் பார்த்தால் நாலு பேரும் குளத்தில் ஆழமில்லாத பக்கம் நிற்கிறார்கள். ஒருவன் முதுகை ஒருவன் சீயக்காய் போட்டுத் தேய்க்கிறான். இவர் நடுவில், நரைத்த மார்பில் எண்ணெய் மினுங்க, சக்கரவர்த்தி மாதிரி.

"இன்னைக்கு எந்தத் தண்ணியும் கங்கைதானே. இந்தா, இன்னுங் கொஞ்சம் சீயக்கா கொண்டா" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. குளம் பின்னே எதற்கு? தேய்த்துக் குளிக்கத்தானே. எனக்கு வந்தது பொறாமைதான். சீயக்காயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று கேட்டேன். "ஆச்சு, ஆச்சு" என்று நாலு பேரும் தண்ணீரை அடித்தார்கள்.

அப்போதுதான் கமலா எழுந்து வந்தாள். கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. தண்ணீரின் மேலே எண்ணெய் வானவில் காட்டிக்கொண்டு பரவுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அந்தக் கொழா எதுக்குன்னு நெனச்சீங்க?" என்று பூவாளிக் குழாயைக் காட்டினாள். "மொதல்ல அதுல குளிச்சிட்டு, அழுக்கெல்லாம் போனப்புறந்தான் இதுல எறங்கணும். எல்லார் வீட்லயும் அப்படித்தான். போன வருஷம் அந்தப் பொறந்தநாளுக்குப் போயி பாத்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது."

இவர் சீயக்காய் வழியும் முகத்தோடு யோசித்தார். "குளிச்சிட்டு வந்தப்புறம் எதுக்கும்மா குளம்?"

கேலியில்லை, நிஜமாகவே கேட்டார். எனக்கும் அதே கேள்விதான். நமக்கு அழுக்குப் போகக் குளம். துரைமாருக்கு அழுக்குப் போன பிறகு குளம். இரண்டுக்கும் நடுவில் என் மகள் நிற்கிறாள்.

அவள் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள். "மூணு மணிக்கு வந்துருவாங்க. இனிமே என்னை எதுக்கும் சேத்துக்கவே மாட்டாங்க" என்று அழுதாள். இந்தத் தண்ணீரைச் சாக்கடைக்கு விட்டு மறுபடி நிரப்ப மூன்று நாள் ஆகும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"தெரியாமப் போச்சும்மா" என்றார் இவர். பையன்கள் ஈர வேட்டியோடு ஒருவர் பின் ஒருவராக நழுவினார்கள். ஒன்பது மணிக்கு எல்லாரும் அலுவலகத்தில் இருந்தாக வேண்டும். புது வேட்டி கட்டிக்கொண்டு, பலகாரம் தொடாமல் இவரும் போனார்.

5

பா வந்து பார்த்தார். "ட்ரோய் ஓய்" என்றார். கடவுளே என்பதற்கு இங்கே அப்படி. வாளியால் மொண்டு ஊற்றிப் பார்த்தார். மொள்ள மொள்ள எண்ணெய் விலகி, வாளி போனதும் மறுபடி கூடிக்கொண்டது. பிறகு நான் இவருடைய பழைய வேட்டி ஒன்றைக் கொண்டுவந்தேன். புது வேட்டி உதவாது, கஞ்சி இருக்கும். துவைத்துத் துவைத்து நைந்ததுதான் எண்ணெய் குடிக்கும். இரண்டு முனையிலும் கயிறு கட்டி, பா ஒரு கரையிலும் கமலா மறு கரையிலும் நின்று இழுத்தார்கள். நடுவில் துணி தொய்ந்து முங்கியது. எண்ணெய் அதன் மேலாகவே நீந்திப் போய்விட்டது.

"விட்டுடும்மா. நான் போயி வர வேணாம்னு சொல்லிட்டு வந்துர்றேன்" என்றாள் கமலா. அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை.

"சும்மா இரு. கயித்த அவுத்துடு. ரெண்டு பேரு தண்ணிக்குள்ளாற எறங்கி மேல் ஓரத்தத் தூக்கிப் புடிச்சா தொய்யாது. நீ ஒரு முனையப் புடி."

"இன்னொரு முனைய யாரு புடிப்பா? ஓங் பாவுக்கு நீச்சல் தெரியாது. அந்தப் பக்கம் ஆழம்மா."

நான் சேலையைத் தாறு பாய்ச்சிக் கட்டினேன். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை பா கையில் கொடுத்தேன். ஏணிப் பக்கம் போகவில்லை. ஆழமான கோடிக்குப் போய்க் குதித்தேன்.

தண்ணீர் தலைக்கு மேலே மூடியதும் காதுக்குள் அந்தச் சத்தம். இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று அதைக் கேட்டு. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அடியில் நான் தேய்த்த ஓடு காலில் பட்டது. ஒரு உதை உதைத்தேன், மேலே வந்துவிட்டேன். உடம்புக்கு எதுவும் மறக்கவில்லை. பா சிரித்துக்கொண்டிருந்தார். கமலா, என்னைத் தூக்கக் குதிக்கப் போனவள், அப்படியே குனிந்தபடி நின்றாள்.

"அம்மா, உனக்கு நீச்சல் தெரியுமா?"

"வேட்டிய எடு."

"எங்க கத்துக்கிட்ட?"

"அப்புறம் சொல்றேன். எறங்கு. ஓரம் தண்ணி மட்டத்துலயே இருக்கணும், மேலயும் போவக்கூடாது, கீழயும் போவக்கூடாது. கெண்டை அரிக்கிறாப்புல."

கெண்டையை அவள் எங்கே கண்டாள்? ஆனாலும் இரண்டாவது நடையில் பிடித்துக்கொண்டாள். நான் ஒரு ஓரம், அவள் எதிர் ஓரம். கோடியிலிருந்து கோடிக்குத் துணியை நகர்த்திப்போய்க் கொடுத்தால், பா வாங்கிப் பிழிந்து மறுபடி நீட்டுவார். என் நீச்சல் குளத்து நீச்சல், தலை வெளியே. அவளுடையது பிசீன் நீச்சல், மூஞ்சி உள்ளே. பேசும்போதெல்லாம் தமிழ்தான் பேசினாள். மூச்சு வாங்குகிறபோது யாருக்கும் இரண்டு மொழி வராது போலிருக்கிறது.

"அம்மா, மெதுவா. நீ வேகமாப் போற."

இந்த வாக்கியத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வெயில் ஏறும்போது எண்ணெய் போய்விட்டது. அடியில் படிந்த சீயக்காயை பா துடைப்பத்தால் ஒதுக்கி ஒதுக்கி அள்ளினார். படிகாரம் இழுத்தோம். தண்ணீர் தெளிந்தது. வாசனை மட்டும் போகவில்லை. கொடிக்கயிற்றை அவிழ்த்துவிட்டு, அந்தப் பூவாளிக் குழாயடியில் நின்று எண்ணெய்ப் பிசுக்குப் போகக் குளித்தேன். முறை தலைகீழ்தான், ஆனால் குழாய் அருமையான குழாய். மூன்று வருஷமாக அதில் துணி காயப் போட்டிருக்கிறேன்.

6

மூன்று மணிக்குப் பெண்கள் வந்தார்கள். சொன்ன வாக்குப்படி நான் அடுப்படியில் இருந்தேன். வெளியே வரக்கூடாது என்றுதான் சொன்னாள், பார்க்கக்கூடாது என்று சொல்லவில்லை. ஜன்னல் பலகை இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டேன்.

மூன்று பேரும் முதலில் குழாயடியில் நின்று குளித்தார்கள். கமலா சொன்னது சரிதான். பிறகு குதித்தார்கள், ஏறினார்கள், மறுபடி குதித்தார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது அவர்களில் உயரமான பெண் தன் கையை மோந்து பார்த்தாள். இன்னொருத்தியிடம் நீட்டினாள். அவளும் மோந்தாள். தண்ணீரில் என்ன வாசனை என்று கமலாவைக் கேட்டார்கள். என் பிரெஞ்சுக்கு அவ்வளவு புரிந்தது.

கமலா ஒரு கை தண்ணீரை அள்ளித் தானும் மோந்தாள். மருந்து போட்டிருக்கிறது என்று சொல்லிவிடு, மரத்திலிருந்து ஏதோ விழுந்தது என்று சொல்லிவிடு என்று உள்ளேயிருந்து நானே பொய் எடுத்துக்கொடுத்தேன்.

அவள் சொல்லத் தொடங்கினாள். தீபாவளி என்ற சொல் காதில் விழுந்தது. அப்பா, எண்ணெய், நாலு பேர். கையை வைத்து முதுகு தேய்த்துக் காட்டினாள். பிறகு இரண்டு கையாலும் எதையோ பிடித்து இழுத்துக் காட்டினாள். என் அம்மா என்றாள், பிரெஞ்சில். மூன்று பெண்களும் சிரித்தார்கள், உரக்க. போச்சு என்று கண்ணை எடுத்துவிட்டேன்.

அதிரசத் தட்டின் முன் உட்கார்ந்தேன். இவ்வளவு பாடுபட்டும் இப்படி ஆனதே என்று அழுகை வந்தது. வெளியே பேச்சு நிற்கவில்லை. கேள்வி மாதிரி ஒரு குரல், பதில், மறுபடி கேள்வி. எனக்கு விளங்காத வேகத்தில் பிரெஞ்சு. பிறகு ஈரக்கால் சத்தம் கேட்டது. நிலைப்படியில் கமலா, தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றாள்.

"நான் வெளிய வரவே இல்லையேடி" என்றேன்.

"அப்புறம் சொல்றேன்னியே. எங்க கத்துக்கிட்டன்னு."

"இப்பவா? அவங்க இருக்காங்களே."

"அவங்கதான் கேக்குறாங்க. உங்கம்மா எங்க கத்துக்கிட்டாங்க, அந்த ஊருல கொளம் எப்படி இருக்கும், துணியில மீனு எப்படிப் புடிப்பாங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க." கீழே பார்த்தாள். "எனக்கு ஒண்ணுமே தெரியலம்மா. எங்கம்மாவப் பத்தி எனக்கே தெரியலன்னு சொன்னேன். வா. நீ சொல்லு, நான் அவங்களுக்குப் பிரெஞ்சுல சொல்றேன்."

"சேலைய இழுத்துச் செருகியிருக்கேன். தலை வேற காயல."

"வாம்மா" என்று சொல்லிவிட்டு, அதிரசத் தட்டை அவளே எடுத்துக்கொண்டு முன்னால் போனாள்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனேன். மூன்று பெண்களும் குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தூக்கி என்னையே பார்த்தார்கள். கமலா என் பக்கத்தில் ஈரத்தோடு உட்கார்ந்தாள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், எங்கள் தெருக் குளத்துக்கு எத்தனை படி என்பதிலிருந்து தொடங்கினேன்.